நீட் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம்: இது நியாயம்தானா?

வைகைக்கரை (மதுரை)

இதைக் கேட்கலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். யார் மனசையும் நோகடிக்கிறது என் எண்ணம் இல்லை, முதல்லயே சொல்லிடறேன்.

என் மகள் இந்த வருஷம் ரெண்டாவது தடவையா நீட் எழுதப்போறா. காலையில நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துடுவா. போன ஞாயிறு கோச்சிங் சென்டர்ல மாதிரித் தேர்வு. ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சு மணிக்குத் தாளை வாங்கிட்டாங்க. பதினோரு கேள்வியை அவ தொடவே இல்லை. எல்லாமே இயற்பியல். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தா, அதுல எட்டு சரியா வந்தது. 32 மார்க். அந்த 32 மார்க்குல எத்தனை ஆயிரம் ரேங்க் போகும்னு நீட் எழுதுற பிள்ளைங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

அதே அறையில ஒரு பையன் ஆறு மணி வரைக்கும் எழுதினான். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதுல குறைபாடுன்னு சான்றிதழ் இருக்காம். நல்ல பையன், என் மகளோட நண்பன்தான். ஆனா 180 கேள்விக்கு என் மகளுக்கு 180 நிமிஷம், அவனுக்கு 240 நிமிஷம்.

இட ஒதுக்கீட்டை நான் எதிர்க்கலை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ல 7.5 சதவீதம் கொடுத்தப்போ மனசார சந்தோஷப்பட்டவன் நான். மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் இருக்கிறதும் சரிதான். ஆனா அதெல்லாம் மார்க் வாங்கின பிறகு இடத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற ஏற்பாடு. கூடுதல் நேரம் மார்க்கையே மாத்துதே? அந்த மார்க்கோட அவன் பொதுப் பட்டியல்லயும்தானே வர்றான்? ஓட்டப் பந்தயத்துல ஒருத்தருக்கு மட்டும் கோட்டை முன்னாடி தள்ளிப் போட்ட மாதிரி எனக்குத் தோணுது. நான் நினைக்கிறது தப்புன்னா எங்கே தப்புன்னு சொல்லுங்க.

சேலத்து அம்மா

அண்ணா, உங்க ஆதங்கம் புரியுது. என் மகனுக்கு டிஸ்லெக்சியா. பதினேழு வயசு. அவன் ஒரு கேள்வியைப் படிக்கிறதை நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன், அதை மட்டும் சொல்றேன்.

"பின்வரும் கூற்றுகளில் எது தவறானது?" இதுதான் கேள்வியோட முதல் வரி. விரலை வச்சுக்கிட்டு படிப்பான். "பின்வரும்" வரும். "கூற்றுகளில்" கிட்ட நின்னு திரும்ப ஆரம்பிப்பான். "எது" வந்துடும். "தவறானது" வர்றதுக்குள்ள முதல் வார்த்தை மறந்துபோகும். மறுபடி முதல்லேருந்து. இப்படி மூணு தடவை. இதுக்கப்புறம்தான் நாலு கூற்று இருக்கு. அதே கேள்வியை நான் வாய்விட்டுப் படிச்சா, நான் நாலாவது கூற்றை முடிக்கிறதுக்கு முன்னாடியே விடையைச் சொல்லிடுவான். சும்மா சொல்லலை, பாடம் அவ்வளவு சுத்தமா தெரியும்.

உங்க மகளுக்கு ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துல பத்துப் பதினஞ்சு நொடி படிக்க, மிச்சம் யோசிக்க. என் பையனுக்கு அந்த ஒரு நிமிஷமும் படிக்கவே போயிடும். கூடுதல் நேரம் சேர்த்தா கேள்விக்கு 80 நொடி. அப்பவும் யோசிக்க அவனுக்குக் கிடைக்கிறது உங்க மகளுக்குக் கிடைக்கிறதை விடக் குறைச்சல்தான் அண்ணா.

இயற்பியல் டியூஷன் (தஞ்சாவூர்)

இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். வைகைக்கரை சார் கேட்டது நேர்மையான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

எனக்கும் ஒரு சங்கடம் உண்டு. கூடுதல் நேரம் கிடைத்தால் யாருக்குத்தான் மார்க் ஏறாது? இதை அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2005ல் வெளியான ஒரு பெரிய மறுபார்வையில், குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்றம் அதிகம், ஆனால் இல்லாதவர்களுக்கும் ஓரளவு ஏறுகிறது என்றுதான் முடிவு வந்தது. எல்லாருக்கும் பயன்படுகிற ஒன்றைச் சிலருக்கு மட்டும் கொடுக்கும்போது மற்றவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும். கண்ணாடி அப்படி இல்லை. பார்வை நன்றாக இருப்பவனுக்குக் கண்ணாடி கொடுத்தால் மார்க் ஏறாது.

ஆனால் இந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், எனக்குக் கோபம் அந்தப் பையன் மேல் வரவில்லை, கடிகாரத்தின் மேல்தான் வருகிறது. இயற்பியலில் 45 கேள்வி. ஒரு உருளும் பொருளின் முடுக்கத்தைக் கண்டுபிடிக்க, படம் வரைந்து, விசைகளைக் குறித்து, சமன்பாடு எழுதினால் மூன்று நிமிடம் ஆகும். ஒரு நிமிடத்தில் போட வேண்டுமென்றால் சூத்திரத்தை மனப்பாடம் செய்து எண்ணைப் பொருத்த வேண்டியதுதான். என் வகுப்பில் ஆழமாக யோசிக்கிற பிள்ளைகள்தான் நேரம் போதாமல் தவிக்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே "யோசிக்காதே, அடுத்ததுக்குப் போ" என்பதுதான். ஆசிரியராக இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இருபது லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள், வடிகட்ட வேண்டும், அதற்கு வேகம் வசதியான சல்லடை. மருத்துவருக்கு இந்த வேகம் தேவை என்று யாரும் அளந்து பார்த்து வைத்ததில்லை.

சிறப்பாசிரியர் (திருச்சி)

சேலத்து அம்மா எழுதியதைப் படித்தபோது என் வகுப்பறையே கண்முன் வந்தது. டிஸ்லெக்சியா என்றால் பலர் ஆங்கிலத்தில் பி, டி எழுத்துகள் மாறுவது என்று நினைக்கிறார்கள். தமிழில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

"வேகம்" என்று எழுதுங்கள். கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு, அடுத்துத்தான் வ. வாயில் முதலில் வர வேண்டியது வ், பிறகுதான் ஏ. "கோடு" என்றால் இன்னும் சிக்கல்: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். நமக்கு இது ஆறு வயதில் பழகிவிட்டது, இப்போது கவனிப்பதே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பதினேழு வயதிலும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டிப் படிக்கிற வேலை. "மின்தடை", "மின்தடை எண்" என்று அடுத்தடுத்து வந்தால், மைட்டோசிஸ், மியாசிஸ் என்று ஒரே கேள்வியில் வந்தால், திரும்பத் திரும்பப் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

பிறகு ஓஎம்ஆர் தாள், அதாவது விடைக்கான வட்டத்தைப் பேனாவால் நிரப்புகிற தாள். டிஸ்கிராஃபியா, அதாவது கையால் எழுதுவதில் குறைபாடு உள்ள ஒரு மாணவி என்னிடம் படித்தாள். பேனாவை எவ்வளவு அழுத்திப் பிடிப்பாள் என்றால், நாற்பது வட்டம் நிரப்புவதற்குள் ஆள்காட்டி விரலின் நுனி வெளுத்துவிடும். வரிசை மாறி 57க்கான விடையை 58ல் நிரப்பிவிட்டால் திருத்த வழியில்லை. அதனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிரப்புவாள்.

வைகைக்கரை சார் சொன்ன ஓட்டப் பந்தயம் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டத்தில் வேகம்தான் அளக்கப்படுகிறது, சரி. இங்கே அளக்க நினைப்பது உயிரியலும் வேதியியலும் இயற்பியலும். தெரியாத கேள்விக்கு ஒரு மணி நேரமல்ல, ஒரு நாள் கொடுத்தாலும் விடை வராது. தவறாக நிரப்பினால் ஒரு மார்க் போகவும் செய்யும்.

சட்டக் கல்லூரி மாணவன்

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா சொல்றேன். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தது, கற்றல் குறைபாடு அதுல இல்லவே இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துல வகைகள் 21 ஆச்சு, டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா (கணக்குப் போடுறதுல குறைபாடு) எல்லாம் உள்ளே வந்தது. அதோட 17ஆம் பிரிவுலயே தேர்வுல கூடுதல் நேரம்னு எழுதியிருக்கு.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்ட் 29ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, மணிக்குக் குறைஞ்சது 20 நிமிஷம்னு வச்சாங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் வர்றது அப்படித்தான். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜேஇஇயிலயும் இதே கணக்கு. அதுல ஒண்ணு கவனிக்கணும்: "கூடுதல் நேரம்"ங்கிற சொல்லை விட்டுட்டு "ஈடுசெய்யும் நேரம்"னு சொல்லணும்னாங்க. சலுகையா கொடுக்கலை, இழந்ததைத் திருப்பிக் கொடுக்கறாங்கன்னு அர்த்தம்.

2021 பிப்ரவரியில விகாஷ் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம், எழுதுறதுக்கு ஆள் வச்சுக்க 40 சதவீதக் குறைபாடு இருந்தே ஆகணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொன்னது. அதே வருஷம் நவம்பர்ல இன்னொரு தீர்ப்பு. டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிகிட்ட, நீட் தேர்வு மையத்துல அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காம தாளைப் பிடுங்கிட்டாங்க. தப்பு நடந்ததை நீதிமன்றம் ஒத்துக்கிட்டது. ஆனா அவங்களுக்கு மட்டும் மறுதேர்வு வைக்க முடியாதுன்னு சொல்லி, நிவாரணம் என்னன்னு தேர்வு முகமையே யோசிச்சு முடிவு பண்ணட்டும்னு விட்டுடுச்சு. அந்தப் பொண்ணோட நிலைமையில இருந்து பாருங்க. உரிமை சட்டத்துல இருக்கு, தீர்ப்பும் வந்தாச்சு, போன ஒரு மணி நேரம் திரும்பி வரலை.

வைகைக்கரை (மதுரை)

எல்லாருக்கும் நன்றி. சேலத்துத் தங்கச்சி எழுதினதை என் மனைவிகிட்டயும் படிச்சுக் காட்டினேன்.

ஆனா ரெண்டு விஷயம் இன்னும் ஒட்டலை. ஒண்ணு, எல்லாருக்கும் ஒரே அளவா மணிக்கு 20 நிமிஷம் எப்படிச் சரியாகும்? லேசா இருக்கிறவனுக்கும் ரொம்பக் கஷ்டப்படுறவனுக்கும் ஒரே ஈடா? கண்ணாடிக்கு ஆளாளுக்குப் பவர் பார்த்துத்தானே கொடுக்கிறாங்க. ரெண்டு, சான்றிதழ். ரத்தப் பரிசோதனை மாதிரி எண் வர்ற விஷயம் இல்லையே இது. பணம் இருக்கிறவங்க வாங்கிட மாட்டாங்களா? எங்க ஏரியாவுலயே "ஒரு சர்ட்டிபிகேட் போட்டுடலாம்"னு ஒருத்தர் பேசினதைக் காதால கேட்டிருக்கேன்.

நியூஜெர்சி தமிழன்

வணக்கம். வைகைக்கரை அண்ணன் பயப்படுறது வெறும் கற்பனை இல்லை. இங்கே அமெரிக்காவுல நடந்தது.

2003 வரைக்கும் சாட்ங்கிற கல்லூரி நுழைவுத் தேர்வுல கூடுதல் நேரம் வாங்கி எழுதினா, மதிப்பெண் பக்கத்துல ஒரு குறி போட்டுத்தான் கல்லூரிக்கு அனுப்புவாங்க. அது பிள்ளைகளை ஒதுக்கி வைக்கிற மாதிரி இருக்குன்னு ஒரு வழக்குக்குப் பிறகு எடுத்துட்டாங்க. எடுத்தது சரிதான்னு நினைக்கிறேன். ஆனா 2019 மார்ச்ல பெரிய கல்லூரி அனுமதி ஊழல் வெடிச்சதே, அதுல வில்லியம் சிங்கர்ங்கிற தரகர் பணக்காரப் பெற்றோருக்குச் சொன்ன ஒரு வழி இதுதான்: பிள்ளைக்குக் கற்றல் குறைபாடுன்னு மதிப்பீட்டு அறிக்கை வாங்குங்க, கூடுதல் நேரம் கிடைச்சா தேர்வை நான் சொல்ற மையத்துல தனியா எழுத வச்சுக்கலாம். அங்கே அவரோட ஆள் விடையைத் திருத்திடுவான். சிங்கருக்கு 2023ல மூன்றரை வருஷம் சிறைத் தண்டனை கிடைச்சது.

அந்த ஊழல் வெடிச்ச பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. என் அண்ணன் மகளுக்கு நிஜமாவே டிஸ்லெக்சியா, ரெண்டாம் வகுப்புலேருந்து பயிற்சி எடுக்கிறா. அந்த வருஷம் கூட படிக்கிறவங்க அவளைப் பார்த்து "உங்கப்பா எவ்வளவு கொடுத்தார்?"னு கேட்டிருக்காங்க. அவ கூடுதல் நேரத்தை வேண்டாம்னு சொல்லிட்டு எழுதினா.

இன்னொண்ணும் இருக்கு. இங்கே இந்த ஏற்பாடு வசதியான ஊர்ப் பள்ளிகள்லதான் அதிகமா இருக்கு. அங்கே எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு அர்த்தமில்லை. முழு மதிப்பீட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், அது கட்ட முடிஞ்சவங்க பிள்ளைக்குக் குறைபாடு கண்டுபிடிக்கப்படுது. ஏழைப் பிள்ளைக்கு அதே குறைபாடு இருந்தா "படிப்பு ஏறலை"ன்னு விட்டுடறாங்க.

எழுத்துக்கூட்டி

இதுவரைக்கும் வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன். நியூஜெர்சி அண்ணா சொன்ன கடைசி வரிக்காக எழுதறேன். எழுத்துப்பிழை இருந்தா மன்னிக்கணும், போன்ல பேசி எழுத வைக்கிறேன்.

நான் இப்போ இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அப்பா லோடுமேன். எனக்கு டிஸ்லெக்சியான்னு தெரிஞ்சது பதினொண்ணாம் வகுப்புல. அதுவரைக்கும் சோம்பேறி, மக்கு, திமிரு, இது மூணுதான் எனக்குப் பேரு. அஞ்சாம் வகுப்புல ஒரு டீச்சர் என் நோட்டைப் பிரிச்சு வகுப்பு முழுக்கக் காட்டினாங்க. அந்தப் பக்கம் இன்னும் ஞாபகம் இருக்கு, "மழை"யை மூணு விதமா எழுதியிருந்தேன்.

சான்றிதழ் வாங்கப் போன கதை. ஒரு அரசு மருத்துவமனைக்குப் போனோம், ஊர் பேர் வேண்டாம். முதல் தடவை, மனநல மருத்துவர் அன்னைக்கு இல்லை. ரெண்டாவது தடவை, கண்ணையும் காதையும் பார்த்துட்டு பள்ளியிலேருந்து கடிதம் வேணும்னாங்க. மூணாவது தடவை கடிதத்தோட போனோம், அறிவுத்திறன் சோதனை பண்ற சைக்காலஜிஸ்ட் வேற ஊர்ல, மாசத்துல சில நாள்தான் வருவாங்களாம். நாலாவது தடவை சோதனை நடந்தது. அஞ்சாவது தடவை போர்டு, அதாவது சான்றிதழ் கொடுக்கிற மருத்துவக் குழு. ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். அஞ்சாவது தடவை பஸ்ஸுல அப்பா எதுவும் பேசலை. இறங்கும்போது "இந்தப் பேப்பர் வந்தா நீ பாஸாயிடுவியா?"ன்னு மட்டும் கேட்டார்.

சான்றிதழ் கைக்கு வந்தப்போ ஜேஇஇ விண்ணப்பம் முடிஞ்சு, தேர்வும் எழுதியாச்சு. மூணு மணி நேரத்துல 75 கேள்வியில முப்பத்தி ஒண்ணைத்தான் படிச்சே முடிச்சேன். ப்ளஸ் டூ பொதுத்தேர்வுல மட்டும் ஒரு மணி நேரம் கிடைச்சது. தமிழ்நாட்டுல இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு இல்லாததால அந்த மார்க்ல சீட் கிடைச்சது. கணக்குல 93.

வைகைக்கரை சார், பொய்யா சான்றிதழ் வாங்கறவங்க இருக்கலாம். ஆனா எங்க பள்ளியில என்னை மாதிரி இன்னும் நாலு பேரை எனக்கே தெரியும். அவங்க யாருக்கும் சான்றிதழ் இல்லை. ரெண்டு பேர் பத்தாம் வகுப்போட நின்னுட்டாங்க.

சேலத்து அம்மா

தம்பி, கணக்குல 93ங்கிறதை ரெண்டு தடவை படிச்சேன். உங்க அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

நாங்க தனியார்ல காட்டினோம். பணம் கட்ட முடிஞ்சது, மூணே வாரத்துல அறிக்கை வந்தது, அதை வச்சு அரசு போர்டுக்குப் போனோம். அது எங்க அதிர்ஷ்டம்னு நினைச்சிருந்தேன். இனிமே அப்படி மட்டும் நினைக்க முடியாது.

இயற்பியல் டியூஷன் (தஞ்சாவூர்)

வைகைக்கரை சாருக்கு ஒரு பழைய செய்தியை ஞாபகப்படுத்துகிறேன். 2024 நீட் தேர்வில் சில மையங்களில் தாள் தாமதமாகக் கொடுத்ததால் நேரம் போனது என்று 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தார்கள், பிறகு பெரும் எதிர்ப்பு வந்து அதை ரத்து செய்து, மறுதேர்வு வைத்தார்கள். மதிப்பெண்ணாகக் கொடுத்த விதத்தைத்தான் நாம் எல்லாரும் எதிர்த்தோம். நேரம் போனவர்களுக்கு ஈடு வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. மையத்தின் தவறால் இருபது நிமிடம் போனால் அது அநியாயம் என்று நமக்கு உடனே புரிகிறது. எழுத்தைக் கூட்டுவதில் அறுபது நிமிடம் போகிறவனைப் பார்த்தால் புரியச் சற்று நேரமாகிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது.

எல்லாருக்கும் ஒரே 20 நிமிடம் என்பது முரட்டு அளவு என்று அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசை உண்டு: கேள்விகளைக் குறைத்து, நான்கு மணி நேரத்தை எல்லாருக்கும் வைத்துவிட்டால் வைகைக்கரை சாரின் மகளுக்கும் அந்தப் பதினோரு கேள்வி கைவிட்டுப் போகாது. அப்போதும் சிலருக்கு இன்னும் தேவைப்படும். ஆனால் இத்தனை பேர் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய நிலை குறையும்.

இதற்கு நடுவில் ஒரு உதவி வேண்டும். என்னிடம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் படிக்கிறான். அரசுப் பள்ளி. வாய்மொழியாகக் கேட்டால் மின்னோட்டம் முழுவதையும் சொல்கிறான், எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தாண்டுவதில்லை. போன வாரம் கூட "எழுதிப் பழகு" என்று அதட்டினேன். தம்பி எழுதியதைப் படித்த பிறகு என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. யாரிடம் அழைத்துப் போக வேண்டும்?

சிறப்பாசிரியர் (திருச்சி)

சார், முதலில் அவன் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களை வரவழைக்கலாம். வகுப்பாசிரியர் எழுதும் கடிதம் ரொம்ப முக்கியம். "படிப்பில் பின்தங்கியவன்" என்று மொட்டையாக எழுதக் கூடாது. எந்த எழுத்தில் தடுமாறுகிறான், வாய்மொழியில் எப்படி, எழுத்தில் எப்படி என்று எழுத வேண்டும். அவனுடைய பழைய நோட்டுகளில் மூன்று நான்கை எடுத்து வையுங்கள், பிழை திருத்தாமல். கண், காது பரிசோதனையை முன்னாலேயே முடித்துக் கொண்டால் ஒரு அலைச்சல் மிச்சம். மருத்துவமனைக்குப் போகும் முன் போன் செய்து, சோதனை செய்பவர் எந்தக் கிழமையில் வருகிறார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். சான்றிதழோடு யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பொதுத்தேர்வுச் சலுகைக்குப் பள்ளி வழியாகத்தான் தேர்வுத்துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். கடைசி நேரத்தில் கிடைக்காது. காலாண்டுக்கு முன்பே ஆரம்பியுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

தஞ்சாவூர் சார், எல்லாருக்கும் நாலு மணி நேரம்னு நீங்க சொன்னதுக்கு என் மகள் ரெண்டு கையையும் தூக்கறா.

20 நிமிஷ அளவு ஆளுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கணும்ங்கிற என் கருத்து அப்படியேதான் இருக்கு. அதை மாத்திக்கிட்டேன்னு சொன்னா பொய். ஆனா அந்தப் பையன் ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தது என் மகளோட இடத்தை எடுத்த மாதிரி நான் பேசினது சரியில்லை. நேத்து ராத்திரி மகள்கிட்ட கேட்டேன், அவனைப் பத்தி உனக்கு என்ன தோணுதுன்னு. "அவனுக்கு நான்தான்ப்பா உயிரியல் பாடம் படிச்சுக் காட்டுவேன், அவன் எனக்கு பிசிக்ஸ் சொல்லித் தருவான்"னா. இத்தனை நாள் என்கிட்ட சொன்னதே இல்லை.

எழுத்துக்கூட்டி தம்பி, உங்க பள்ளியில இருக்கிற அந்த மிச்ச ரெண்டு பேர் எந்த ஊர்? மதுரைப் பக்கம்னா சொல்லுங்க. மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போய் வர எனக்கு வண்டி இருக்கு, சனிக்கிழமை லீவு.

எழுத்துக்கூட்டி

ஒருத்தன் திருமங்கலம் சார். தனிச்செய்தியில நம்பர் அனுப்பறேன்.